முழங்காலுக்கென்று வைத்த செடிகள்

அத்தியாயம் பதினேழு

நீர்வேலிக் கதிரவேலருக்குப் பேரன் பிறந்து மூன்று நாளாகிவிட்டது. மனுசன் இன்னும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

செய்தி வந்தபோது அவர் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து மருமகன் ஜெரிசன் ரெலிபோன் எடுத்துச் சொல்ல, மனைவி ஞானாம்பிகை அகப்பையைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்து, “கஜானிக்கு ஆம்பிளைப் பிள்ளையாம். ரெண்டு பேரும் சுகமாம்” என்றாள். அவர் இன்னும் ஒரு பிடி சாப்பிட்டார். கையைக் கழுவினார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குப் போய்விட்டார். போன கிழமை அவரை அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு வருசமாக அவர் செய்துவருவதும் அதுதான். மகளின் பேச்சை யாராவது எடுத்தால் அவர் மண்வெட்டியை எடுப்பார். அதனால் ஊரிலேயே புல்லில்லாத தோட்டம் அவருடையது என்று பெயர்.

கஜானி குருநகர்ப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்தாள் என்பது ஊருக்குப் பெரிய கதை. சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், கடற்தொழில் வீடு, பெடியன் வள்ளங்களுக்கு என்ஜின் திருத்துகிறவன் என்று ஊர் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னது. கதிரவேலருக்கு அந்தக் கணக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மகள் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு உறைத்தது. அன்று பூட்டிய வாய்தான்.

இப்போது மகளும் அதே கட்டையில் வெட்டிய துண்டாக நின்றாள். “தலைப்பிள்ளை அம்மா வீட்டிலைதான் எண்டு எனக்கும் ஆசை. அப்பா தன்ரை வாயாலை வா எண்டு சொன்னால் வாறன். நீங்கள் ஒளிச்சுக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் வரமாட்டன்” என்று அவள் ஏழு மாதத்துக்கு முன்னமே சொல்லிவிட்டாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஞானாம்பிகை என்ன செய்வாள்? செடி வைத்தாள்.

கஜானிக்கு இரண்டு மாதம் என்று தெரிந்தது ஐப்பசியில். மழை தொடங்கிய நேரம். குசினிக்குப் பின்னால், கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் பக்கமாக, முன்பு கத்தரி நின்ற ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதைக் கொத்தினாள். பிள்ளை பெற்றவளுக்கு இலை அவித்த தண்ணீர் வார்க்க வேண்டும். நொச்சி வேண்டும், ஆடாதோடை வேண்டும், பாவட்டை வேண்டும். முப்பத்தொரு நாளுக்கும் வேண்டும். ஊரில் ஒரு காலத்தில் வேலிக்கு வேலி நின்றவைதான். எல்லாரும் மதில் கட்டிய பிறகு தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

நொச்சிக் கொப்பு கோயில் கேணியடியில் அகப்பட்டது. ஆடாதோடை மச்சாள் வீட்டு வேலியில் கடைசியாக மிஞ்சியிருந்தது. பாவட்டைக்கு அவள் தொண்டைமானாறு வரை போனாள். சந்நிதி முருகனுக்கு நேர்த்தி என்று சொல்லிப் போனவள், திருநீற்றோடு ஒரு பாவட்டைக் கன்றையும் சொப்பிங் பையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். முருகன் கோபித்திருக்க மாட்டார்.

முதல் தரம் வைத்தவை எல்லாம் பட்டுப்போயின. பச்சைச் சாணத்தை அடியில் போட்டதில் வேர் வெந்துவிட்டது. இரண்டாம் தரம் மக்கிய எருவைப் போட்டு, கொப்பைச் சரித்து நட்டு, மேலே ஒரு தென்னோலைக் கிடுகை நிழலுக்குச் சாத்தி வைத்தாள். பிறகு தளிர்த்தன. ஓரத்தில் வல்லாரை படர்ந்தது. வேலியில் தூதுவளையும் முடக்கொத்தானும் ஏறின.

கதிரவேலர் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “வாழைக்கிடையிலை நான் புடுங்கி எறியிற சாமானை நீ தண்ணி ஊத்தி வளர்க்கிறாய். என்னத்துக்கு?”

“உங்கடை முழங்காலுக்கு” என்றாள் ஞானாம்பிகை.

அந்தப் பொய் அவ்வளவு லேசாக வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியம். சொன்ன வாய்க்கு நொச்சியிலையை வதக்கி அவருக்கு ஒத்தடம் கொடுத்தாள். கிழமைக்கு இரண்டு தரம் முடக்கொத்தான் ரசம் வைத்தாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். தையில் அவருடைய முழங்கால் உண்மையாகவே சுகப்பட்டுவிட்டது. அவள் எதிர்பாராத காரியம் அது.

விடிந்தால் அவள் அந்தச் செடிகளுக்குள் போய் நிற்பாள். நொச்சி அவளுடைய தோளுக்கு வந்துவிட்டது. இலையைத் தடவும்போதெல்லாம் கஜானியின் முதுகுதான் நினைவுக்கு வரும். இரண்டு வருசத்தில் மகளை ஆறு தரமோ ஏழு தரமோ கண்டிருப்பாள். எல்லாம் ரவுணில், துணிக்கடைக்குள், பத்து நிமிசம். குடிக்க ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியாத இடங்கள். மகளைக் கிணற்றடியில் பலகை போட்டு இருத்தி, சுடுதண்ணீரை இடுப்பில் அடித்து வார்த்து, தலையைத் துவட்டிவிட வேண்டும். ஞானாம்பிகையின் ஆசை அதற்கு மேல் ஒரு முழமும் நீளவில்லை. அந்த ஆசைதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இன்று காலை அவள் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“இஞ்சேருங்கோ. பிள்ளையை இண்டைக்கு ஆஸ்பத்திரியாலை துண்டு வெட்டி வீட்டுக்கு விடினமாம். நான் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ?”

கதிரவேலர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். முற்றத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

ஞானாம்பிகைக்கு அதற்கு மேல் அங்கே நிற்க மனம் வரவில்லை. சரக்கு அரைத்து வைத்த பத்தியக் கறியையும் சோற்றையும் கட்டிக்கொண்டு, சேலையை மாற்றிக்கொண்டு, ஒழுங்கையால் நடந்து போய்ப் பருத்தித்துறை வீதியில் பஸ் ஏறினாள். கோப்பாய் தாண்டும் வரை கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகு யோசித்தாள். அப்பா வரச்சொன்னவர் என்று ஒரு பொய் சொன்னால் என்ன? முழங்கால் பொய்யே ஏழு மாதம் ஓடியிருக்கிறது.

ஆஸ்பத்திரி வாட்டில் கஜானி உடுப்பு மாற்றிக்கொண்டு ஆயத்தமாக இருந்தாள். பிள்ளை அவளுடைய மாமி, ஜெரிசனின் தாய் மரியநாயகியின் மடியில் கிடந்தது. ஞானாம்பிகை உட்காரக் கதிரையை இழுக்க முன்னமே கஜானி கேட்டுவிட்டாள்.

“அப்பா சொன்னவரோ?”

ஓம் என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஞானாம்பிகை மகளின் முகத்தைப் பார்த்தாள். தகப்பனின் அதே நெற்றி, அதே முறைப்பு. அந்த முகத்துக்கு முன்னால் ஒரு பொய்தான் அவளால் முடியும். அதை ஏற்கனவே அதன் சொந்தக்காரரிடம் செலவழித்துவிட்டாள்.

“சொல்லேல்லை” என்றாள். “வேண்டாம் எண்டும் சொல்லேல்லை.”

“ரெண்டு வருசமா அதைத்தானே சொல்லுறீங்கள் அம்மா.”

“மனுசன்ரை குணம் உனக்குத் தெரியாததே பிள்ளை?”

“தெரியும். அதுதான் பயம். நான் இந்தப் பிள்ளையோடை படலைக்குள்ளை கால் வைக்க, அவர் எழும்பி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனால், நான் அந்த இடத்திலை என்ன செய்யிறது? சொல்லுங்கோ.”

காலையில் நடந்ததை மகள் வந்து பார்த்தவள் மாதிரிச் சொல்கிறாள்.

மரியநாயகி பிள்ளையை மெல்ல ஆட்டிக்கொண்டே பேசினாள். “அக்கா, தலைப்பிள்ளை தாய் வீட்டிலைதான். எங்கடை ஆக்களுக்கும் அப்பிடித்தான். நான் பிடிச்சு வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சிடாதேங்கோ. ஆனால் பிள்ளைக்கு மனமில்லாத இடத்துக்கு நான் அனுப்பேலாது.”

“ஐயோ, நான் அப்பிடி நினைக்கேல்லை.”

“ஒரு உதவி மட்டும் கேக்கிறன். நாங்கள் இருக்கிறது உப்புத் தரை. ஒரு நொச்சிக் கொப்புக்கு நான் எங்கை போவன்? நீங்கள் ஏழு மாசமா இலை வளர்க்கிறீங்களாம் எண்டு பிள்ளை சொன்னது. அதைத் தந்து விடுங்கோ. நாளையிலை இருந்து நான் வார்க்கிறன். முப்பத்தொரு நாளும் குறையில்லாமல் வார்ப்பன். இவன் ஜெரிசன் ஓட்டோவிலை வந்து எடுத்துக்கொண்டு வருவான்.”

நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. அதனால்தான் அது அப்படித் தைத்தது. கோபிக்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது. தான் நட்டு, தான் தண்ணீர் ஊற்றி, தான் தடவித் தடவி வளர்த்த இலை இன்னொருத்தியின் கையால் மகளின் முதுகில் படப்போகிறது.

“ஓம். எடுத்துக்கொண்டு போகட்டும்” என்றாள்.

ஜெரிசன் சிநேகிதனிடம் ஓட்டோ வாங்கி வந்திருந்தான். குருநகர் வரைக்கும் பிள்ளை ஞானாம்பிகையின் மடியில் வந்தான். பத்து நிமிசம் இருக்குமோ என்னவோ. வழியில் இரண்டு இடத்தில் வாகனங்கள் மறித்து நின்றபோது ஜெரிசன் பொறுமையில்லாமல் ஹோர்ன் அடித்தான். ஞானாம்பிகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் மறித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. வீட்டு வாசலில் மரியநாயகி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கஜானி இறங்கி, தாயின் கையை ஒருக்கால் இறுக்கிப் பிடித்துவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனாள்.

இலை எடுக்க ஜெரிசன் மாமியை அதே ஓட்டோவில் நீர்வேலிக்குக் கூட்டி வந்தான். ஒழுங்கை முகப்பில் அவன் ஓட்டோவை நிற்பாட்டினான்.

“நான் இதிலை நிக்கிறன் மாமி. நீங்கள் ஆறுதலாக் கொண்டு வாங்கோ.”

அவள் படலையைத் திறந்தாள். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. கஜானியின் கட்டில் வெளியே வெயிலில் போடப்பட்டிருந்தது. மெத்தையைத் தட்டி வேலியில் சாத்தியிருந்தது. பின்பக்கமாக ஓடினாள்.

செடிகள் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை. செம்மண் ஒரு கல் இல்லாமல் வாரிச் சமன்படுத்தியிருந்தது. நடுவில் இரண்டு புதுக் கம்பு நட்டு, அவற்றுக்கு இடையில் பச்சை நைலோன் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. நொச்சியும் ஆடாதோடையும் பாவட்டையும் வேரோடு மூலையில் குவிந்து கிடந்தன. கதிரவேலர் வேர் கிளப்பிய அலவாங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பஸ்ஸுக்குப் போன கையோடு தொடங்கியிருக்க வேண்டும், மேலெல்லாம் மண்.

அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“எங்கை பிள்ளை?” என்றார்.

இரண்டு வருசத்தில் மகளைக் கேட்டது இதுதான் முதல் தரம். ஞானாம்பிகைக்கு அது காதில் விழுந்தது, மனசுக்குப் போகவில்லை. அவள் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உதுகளை ஏன் புடுங்கினனீங்கள்?”

“பிள்ளை பெத்தவள் வாற வளவு. பாம்பு பூச்சி படுக்கிற பத்தையை வைச்சிருக்கலாமோ? குழந்தையின்ரை துணி காயப் போடவும் நல்ல வெயில் இடம் வேணும்.” அவர் கயிற்றை ஒருக்கால் இழுத்துக் காட்டினார். “என்ரை முழங்கால் இப்ப சுகம்தானே. இனி உது என்னத்துக்கு?”

சொன்னதோடு நிற்காமல் முழங்காலை இரண்டு தரம் மடக்கி நீட்டியும் காட்டினார்.

ஞானாம்பிகை கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டும் வெளியே வரவில்லை.

“அது உங்கடை முழங்காலுக்கு வைச்சதில்லை” என்றாள். “அவளுக்கு வார்க்க வைச்சது. அவள் ரெண்டு மாசம் எண்டு சொன்ன அண்டைக்கு வைச்சது. முப்பத்தொரு நாளுக்கும் காணும் எண்டு பாத்துப் பாத்து வளர்த்தனான்.”

கதிரவேலர் குவியலைப் பார்த்தார். அலவாங்கை மெல்லச் சுவரில் சாத்தினார்.

“அப்ப ஏன் முழங்காலுக்கெண்டு சொன்னனீ?”

“அவளுக்கெண்டு சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீங்கள்?”

என்ன செய்திருப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“காலமை நான் கேட்டனான்” என்றாள் அவள். “கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு கேட்டனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் கூப்பிட்டால்தான் வருவாளாம். அவள் குருநகருக்குப் போட்டாள்.”

“நான் கூப்பிடாமலோ?” கதிரவேலர் கையை நீட்டிக் கயிற்றைக் காட்டினார், முற்றத்துக் கட்டிலைக் காட்டினார். “இதென்ன பின்னை?”

“இது எனக்கு விளங்கும். அவளுக்கு எப்பிடி விளங்கும்? அவள் அங்கை எல்லோ இருக்கிறாள்.”

அவர் போய்க் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினார். இத்தனை வருசமாக இவற்றைப் பிடுங்கி எறிந்த கை. இப்போது ஒரு கொப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“இது எது?”

“நொச்சி.”

“இது?”

“அது முடக்கொத்தான். அது வேண்டாம். அந்தப் பெரிய இலை, ஓம், அது ஆடாதோடை.”

வாடித்தான் இருந்தன. அவிக்கிறதுக்கு வாடினாலும் பாதகமில்லை. அவர் உருவி உருவிப் போட, அவள் சாக்கைப் பிடித்தாள். இனித் துளிர்க்காத இந்த இலை மூன்று நாளைக்குத்தான் போதும். இழுத்துப் பிடித்தால் நாலு நாள்.

“வேர் நல்லாக் கிடக்கு” என்றார் அவர், அவளைப் பாராமல். “இப்பவே திரும்ப வைச்சால் பிடிக்கும்.”

“பிடிக்கும். முப்பத்தொரு நாளுக்குள்ளை இலை வராது.”

அவர் வேர்களை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தார். ஞானாம்பிகை இலைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு படலைப் பக்கம் திரும்பினாள்.

“ஆர் கொண்டு போறது?”

“ஜெரிசன். ஒழுங்கை முகப்பிலை நிக்கிறான்.”

கதிரவேலர் கையைக் கழுவினார். கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டார். வந்து சாக்கை அவளுடைய கையில் இருந்து வாங்கினார். உடுத்திருந்த சாரத்தில் செம்மண் அப்படியே இருந்தது. மாற்றுங்கோ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் மனம் மாறிவிடுமோ என்று பயம்.

படலையடியில் நின்று பார்த்தாள். இவரைக் கண்டதும் ஜெரிசன் துள்ளி இறங்கி, சாரதி இருக்கைக்கும் மதிலுக்கும் இடையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். சாக்கை வாங்கக் கையை நீட்டினான்.

“உம்மடை ஓட்டோவோ?” என்று கதிரவேலர் கேட்டது அவளுக்கும் காதில் விழுந்தது.

“இல்லை மாமா. சிநேகிதன்ரை.”

கதிரவேலர் பின் இருக்கையில் ஏறிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டோ திரும்பிப் போய்விட்டது. என்னையும் ஏற்று என்று கேட்க ஞானாம்பிகைக்கு அது போன பிறகுதான் தோன்றியது.

அவள் வெயில் தாழக் கட்டிலை உள்ளே இழுத்தாள். மெத்தையைப் போட்டாள். விரிப்பை விரித்து, சுருக்கம் எடுத்து, பிறகு அதைப் பார்க்கப் பிடிக்காமல் அறைக் கதவைச் சாத்தினாள். நாலரைக்குக் கிட்ட ரெலிபோன் அடித்தது.

“அம்மா, அப்பா இஞ்சை வந்து நிக்கிறார்” என்றாள் கஜானி.

“ஓம்.”

“வீட்டுக்குள்ளை வரேல்லை. கேற்றடியிலை நிக்கிறார். மாமி மூண்டு தரம் வாங்கோ எண்டு கேட்டிட்டா. ஜெரிசன் சாக்கை வாங்கப் போனால் குடுக்கிறாரில்லை. ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.”

“உன்னை ஏதும் கேட்டவரோ?”

“ஒண்டும் கதைக்கிறாரில்லை.” கட்டில் அசையும் சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். “அம்மா, அப்பா அழுறார்.”

கலியாணம் முடித்த இத்தனை வருசத்தில் ஞானாம்பிகை அதைக் கண்டதில்லை. அவர் தாய் செத்தபோதும் கண்டதில்லை. ஏழு மாதமாக அவள் ஏங்கி ஏங்கிக் காத்திருந்தது அந்தக் கேற்றடியில் நடக்கிறது. அவள் மட்டும் அங்கே இல்லை.

“நான் என்ன செய்ய அம்மா?”

“எழும்பிப் போ பிள்ளை. மெல்லப் போ.”

கஜானி ரெலிபோனைக் கட்டிலில் வைத்தாள், நிற்பாட்டவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. “மெல்ல, மெல்ல, என்ரை கையைப் பிடி” என்று மரியநாயகி சொல்வது கேட்டது. கதவு திறந்தது. ஞானாம்பிகை ரெலிபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தூரத்தில் ஒரு ஆம்பிளைக் குரல் ஏதோ சொல்லத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை விழித்து, ரெலிபோனுக்குப் பக்கத்தில் கிடந்து வீரிட்டு அழுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

“அழாதையடா என்ரை ராசா. கொஞ்சம் பொறடா, அம்மம்மா கேக்கட்டும்” என்று குருநகரில் கிடக்கும் பேரனிடம் நீர்வேலியில் நின்று கெஞ்சினாள் ஞானாம்பிகை. அவன் நிறுத்தவில்லை.